பதினான்கு சதவீதத்தில் அணைந்த கைபேசி

அப்பாவை நெஞ்சுவலியோடு மருத்துவமனையில் சேர்த்த நாளன்று, மாலை ஆறு மணிக்கு மேல் என்னை யாராலும் தொடர்புகொள்ள முடியவில்லை. அலுவலகத்திலிருந்து கிளம்பும்போது என் கைபேசியில் 14 சதவீதம் சார்ஜ் இருந்தது. வீடு போய்ச் சேரும் வரை தாங்கிவிடும் என்று நம்பி ரயிலில் ஏறி அமர்ந்தேன். சிறிது நேரத்தில் அக்கா அழைத்தாள். "அப்பாவுக்கு..." என்று அவள் ஆரம்பித்த அந்த நொடியிலேயே திரை கறுத்து, கைபேசி அணைந்துபோயிற்று. பக்கத்தில் இருந்தவர் தம் கைபேசியைத் தயங்காமல் நீட்டினார். ஆனால் அக்காவின் எண் எனக்கு மனப்பாடமாகத் தெரியாது. அடுத்த ஒன்றரை மணி நேரம் அந்தப் பாதி வாக்கியத்தோடு உட்கார்ந்திருந்தேன். அப்பா பிழைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட வேண்டிய தாள்களிலெல்லாம் அக்கா தனியாக நின்று போட்டாள்.

கைபேசியின் சார்ஜ் எங்கே போகிறது என்பதை அதன் பிறகுதான் முறையாகக் கவனிக்கத் தொடங்கினேன். சட்டைப் பையில் அடங்கும் ஒரு குறிப்பேட்டில் மணிக்கு ஒருமுறை மூன்று விவரங்களை எழுதி வைத்தேன்: எத்தனை சதவீதம் மீதமிருக்கிறது, நான் எந்த இடத்தில் இருக்கிறேன், கடந்த ஒரு மணி நேரத்தில் கைபேசியை எதற்குப் பயன்படுத்தினேன். மூன்று வாரம் விடாமல் எழுதினேன். அந்தப் பக்கங்களிலிருந்தும், அவற்றைப் புரிந்துகொள்வதற்காகப் பிறகு தேடிப் படித்தவற்றிலிருந்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 5000 மில்லி ஆம்பியர் மணி என்று குறிப்பிடப்படும் ஒரு பேட்டரியின் சராசரி மின்னழுத்தம் ஏறத்தாழ 3.85 வோல்ட். 5000 மில்லி ஆம்பியர் மணி என்பது 5 ஆம்பியர் மணி; அதை 3.85-ஆல் பெருக்கினால் கிடைப்பது சுமார் 19 வாட் மணி, அதாவது பேட்டரியில் அடங்கும் மொத்த ஆற்றல். காலை ஆறு முதல் இரவு பத்து வரை பதினாறு மணி நேரத்துக்கு அதைப் பங்கிட்டால், சராசரியாக நமக்குக் கிடைப்பது 1.2 வாட் மட்டுமே. திரை அணைந்து, நல்ல சிக்னலில், வேலை எதுவுமில்லாமல் உறங்கும் கைபேசி ஒரு வாட்டில் நூறில் சில பங்கைத்தான் செலவழிக்கும். வெயிலில் முழு ஒளிர்வுடன் இருக்கும் திரையோ தனியாகவே அந்த 1.2 வாட்டைத் தாண்டிவிடக்கூடும். ஆக, கைபேசி எவ்வளவு நேரம் ஆழ்ந்து உறங்குகிறது, உறங்கவிடாமல் அதை எழுப்புவது எது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை கண்டால் போதும், மற்றவற்றைப் பெரும்பாலும் தானாகவே புரிந்துகொள்ளலாம்.

குறிப்பேட்டின் முதல் வாரத்திலேயே எனக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. என் இருக்கை கட்டடத்தின் தரைமட்டத்துக்குக் கீழே உள்ள தளத்தில் இருக்கிறது. காலை ஒன்பதரை மணிக்குக் கைபேசியை மேசை இழுப்பறையில் வைத்தால், பிற்பகல் ஒரு மணிக்குச் சாப்பிட எழும்போதுதான் வெளியே எடுப்பேன். அந்த மூன்றரை மணி நேரத்தில் அதை யாரும் தொடவில்லை. ஆனாலும் 17 சதவீதம் குறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அதே மூன்றரை மணி நேரம் அலமாரியில் கிடந்தபோது குறைந்தது 3 சதவீதம். கைபேசி அதே கைபேசி, பேட்டரி அதே பேட்டரி, செயலிகளும் அவையே. மாறியது இடம் மட்டுந்தான்.

காரணம் சிக்னல். அலைபேசிக் கோபுரத்துக்குக் கைபேசி தகவல் அனுப்பும்போது, எவ்வளவு ஆற்றலோடு அனுப்ப வேண்டும் என்பதைக் கோபுரமே நொடிக்கு நொடி தீர்மானித்துச் சொல்லிக்கொண்டிருக்கும். கோபுரம் அருகில் இருந்தால் மெல்லிய முணுமுணுப்பு போதும். தொலைவில் இருந்தாலோ, இடையில் கான்கிரீட் சுவர்கள் இருந்தாலோ, தொண்டை கிழியக் கத்த வேண்டும். நான்காம் தலைமுறை (4ஜி) வலையமைப்பில் ஒரு சாதாரணக் கைபேசி வானலையாக வெளியிடும் ஆற்றலின் உச்ச அளவு 0.2 வாட், கோபுரத்தின் அருகில் இருக்கும்போது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாமல் போகலாம். அந்த 0.2 வாட்டை வெளியே தள்ளுவதற்குக் கைபேசிக்குள் சிக்னலை வலுவாக்கும் பெருக்கி பேட்டரியிலிருந்து உறிஞ்சுவது அதைவிடக் கணிசமாக அதிகம், மீதியெல்லாம் வெப்பமாகிறது. சிக்னல் குறைந்த இடத்தில் பேசி முடித்ததும் கைபேசியின் முதுகு சுடுவதை நீங்களும் உணர்ந்திருக்கக்கூடும்.

பேசாமல் இழுப்பறையில் கிடந்த கைபேசிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சிக்னல் தெளிவாக இருந்தால், நமக்கு அழைப்பு ஏதும் வந்திருக்கிறதா என்று ஓரிரு நொடிக்கு ஒருமுறை காதைத் திறந்து கேட்டுவிட்டு அது மீண்டும் உறங்கிவிடும். சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும் இடத்தில் அது இந்தக் கோபுரத்தை விட்டு அந்தக் கோபுரத்துக்குத் தாவும், ஐந்தாம் தலைமுறையிலிருந்து (5ஜி) நான்காம் தலைமுறைக்கு இறங்கும், மீண்டும் ஏறப் பார்க்கும். சிக்னல் முற்றிலும் அறுந்துவிட்டால் தனக்குத் தெரிந்த அலைவரிசைகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் துழாவும். நடுவில் ஏதேனும் ஒரு செயலி செய்தி எடுக்க முயன்று, பாதியில் தொடர்பு அறுந்து, திரும்பவும் முயலும். இரண்டு சிம் போட்டிருந்தால் இந்தத் தேடலும் கூடும். ஓடும் ரயிலிலும் இதே கதைதான்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் செய்த மாற்றம் மிக எளியது. அலுவலகத்துக்குள் நுழைந்ததும் விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டு, வைஃபையை மட்டும் திரும்ப இயக்கினேன். அழைப்புகளை வைஃபை வழியாகவே பேசும் வசதி என் கைபேசியிலும் இணைப்பிலும் இருந்ததால், அமைப்புகளில் அதையும் இயக்கி வைத்தேன். அழைப்பும் செய்தியும் வழக்கம்போல வந்தன. காலை நேர இழப்பு 17 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக இறங்கியது. அந்த வசதி இல்லாதவர்கள் ஜன்னலோரம் கைபேசியை வைத்தாலே வேறுபாடு தெரியும். ஐந்தாம் தலைமுறை சிக்னல் அரைகுறையாக வந்துபோகும் இடத்தில் நாள் முழுவதும் இருப்பவர்கள், வலையமைப்பு அமைப்பில் நான்காம் தலைமுறையை மட்டும் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். சார்ஜ் நிற்கவில்லை என்று யாராவது என்னிடம் கேட்டால், "பகலில் எங்கே உட்காருகிறீர்கள்? அங்கே சிக்னல் எத்தனை கோடு?" என்பதைத்தான் நான் இப்போது முதலில் விசாரிக்கிறேன். இதைக் கேட்காமல் சொல்லப்படும் யோசனைகளில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது.

அடுத்தது திரை. இதைப் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும் என்றாலும், கறுப்புப் பின்னணியைப் போட்டாலே போதும் என்ற எண்ணம் பரவலாக இருப்பதால் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி தருவது. கறுப்பாகத் தெரியும் புள்ளி உண்மையிலேயே அணைந்திருக்கும். எல்சிடி திரையில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். படம் கறுப்பானாலும் வெளுப்பானாலும் அந்த விளக்குக்கு ஒன்றே. ஆகவே எல்சிடி திரை உள்ளவர்களுக்குக் கறுப்புப் பின்னணியால் சார்ஜ் மிச்சமாவதில்லை. ஓஎல்இடி திரையிலும் பலன் ஒளிர்வைப் பொறுத்தது. 2021-இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பரவலாகப் பயன்படும் சில ஆண்ட்ராய்டு செயலிகளை வைத்து இதை அளந்தார்கள். ஒளிர்வு 30 முதல் 50 சதவீதமாக இருந்தபோது, வெள்ளைப் பின்னணியிலிருந்து கறுப்புக்கு மாறியதால் சராசரியாக 3 முதல் 9 சதவீத மின்சாரமே மிச்சமாயிற்று. ஒளிர்வு 100 சதவீதமாக இருந்தபோது மிச்சம் 39 முதல் 47 சதவீதம் வரை சென்றது. வீட்டுக்குள் மிதமான ஒளிர்வில் படிப்பவருக்குக் கறுப்புப் பின்னணி கண்ணுக்கு இதமாக இருக்கலாம். சார்ஜுக்கு அது பெரிய உதவியில்லை. நாள் முழுவதும் வெயிலில் வரைபடம் பார்த்து வண்டி ஓட்டுபவருக்கு அதுவே பெரிய உதவி.

ஒளிர்வை நானே கையால் குறைத்து வைப்பது தானியங்கி ஒளிர்வைவிட நல்லது என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். குறிப்பேடு அதையும் மறுத்தது. வெளியே போகும்போது ஒளிர்வைக் கூட்டிவிட்டு, உள்ளே வந்ததும் குறைக்க மறந்துவிடுகிறேன். மூன்று வாரத்தில் ஒன்பது நாள் அப்படி நடந்திருந்தது. தானியங்கி ஒளிர்வு மறப்பதில்லை. அதைப் போட்டுவிட்டு, திரை தானாக அணையும் நேரத்தை இரண்டு நிமிடத்திலிருந்து முப்பது நொடியாகக் குறைத்தேன். கைபேசி பூட்டியிருக்கும்போதும் மணி காட்டிக்கொண்டிருக்கும் வசதியை நிறுத்தினேன். மணி பார்க்க எனக்குச் சுவர்க் கடிகாரம் இருக்கிறது. திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படும் கைபேசிகளில் அதை 60-ஆகக் குறைத்தாலும் சார்ஜ் மிஞ்சும். ஆனால் அந்த வழவழப்புக்குப் பழகிய கண் 60-ஐ எளிதில் ஏற்காது என்பதால், வெளியூர்ப் பயணம் போன்ற நாட்களில் மட்டும் நான் அதைச் செய்கிறேன்.

இனி செயலிகள். கைபேசியை உறக்கத்திலிருந்து எழுப்புகிறவை பெரும்பாலும் இவையே. ஒரு செயலி சிறு செய்தி ஒன்றை எடுக்க கோபுரத்தோடு பேசும் பகுதியான ரேடியோவை எழுப்பினால், செய்தி வந்து முடிந்த மறுகணமே ரேடியோ உறங்கிவிடாது. இன்னும் ஏதாவது வருமோ என்று சில நொடிகள், சில வலையமைப்புகளில் பத்து நொடி வரைகூட, விழித்துக் காத்திருக்கும். இதனால் ஒரே நேரத்தில் வந்து சேரும் இருபது செய்திகளைவிட, மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக வரும் இருபது செய்திகள் அதிகச் செலவு வைக்கின்றன. கைபேசியை உருவாக்குபவர்களும் இதை அறிந்தே செயல்படுகிறார்கள். 2015-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6, கைபேசி அசையாமல், திரை அணைந்து, சார்ஜில் இல்லாமல் இருக்கும்போது செயலிகளின் பின்னணி வேலைகளைத் தள்ளிப்போட்டு, அவ்வப்போது திறக்கும் ஒரு சிறு இடைவெளியில் மொத்தமாக முடித்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 7 அதன் ஒரு மென்மையான வடிவத்தை, கைபேசி பையில் அசைந்துகொண்டிருக்கும்போதும் இயங்கும்படி செய்தது. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9, நாம் எப்போதாவது மட்டும் திறக்கும் செயலிகளை அடையாளம் கண்டு அவற்றின் பின்னணி வேலையைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது.

இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் சில செயலிகள் தப்பிவிடுகின்றன. பெரும்பாலும் நாமே முன்பு கொடுத்த அனுமதியின் பேரில். அமைப்புகளில் பேட்டரிப் பக்கத்தைத் திறந்தால், எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது, அதில் திரையில் ஓடியது எவ்வளவு நேரம், பின்னணியில் ஓடியது எவ்வளவு நேரம் என்று பட்டியல் வரும். நான் ஒருநாள் மாலை அதைத் திறந்தபோது, அன்று நான்கு நிமிடம் மட்டும் திறந்திருந்த ஒரு வானிலைச் செயலி, பின்னணியில் ஐந்து மணி நேரம் ஓடியிருந்தது. என் இருப்பிடத்தை 'எப்போதும்' அறிந்துகொள்ள அதற்கு அனுமதி கொடுத்திருந்தேன். கொடுத்தது எனக்கு நினைவிலேயே இல்லை. அதை 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றினேன். இன்றும் மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியலைப் பார்க்கிறேன். திரையில் சில நிமிடமும் பின்னணியில் பல மணி நேரமும் காட்டும் பெயர் எதுவோ, அதன் அனுமதிகளைத்தான் முதலில் சோதிக்கிறேன். கடைகளின் தள்ளுபடி அறிவிப்புகளையும் விளையாட்டுகளின் நினைவூட்டல்களையும் நிறுத்தினால் சார்ஜோடு மனமும் சற்று ஓய்வெடுக்கும்.

சமீபத்தில் திறந்த செயலிகளையெல்லாம் ஒவ்வொன்றாக மேலே தள்ளி மூடும் பழக்கம் பலருக்கும் உண்டு. என் அக்காவுக்கு மிக அதிகம். இது பயன் தருவதில்லை. நினைவகத்தில் அமைதியாகக் கிடக்கும் செயலி மின்சாரம் எடுப்பதில்லை. மூடிவிட்டால், அடுத்தமுறை திறக்கும்போது அதை அடியிலிருந்து மறுபடியும் ஏற்ற வேண்டியிருப்பதால் செலவுதான் கூடும். 2016-இல் அப்போதைய ஆப்பிள் தலைமை அதிகாரி டிம் குக்குக்கு ஒரு பயனர் இதைப் பற்றி எழுதிக் கேட்டபோது, அந்நிறுவனத்தின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகியிடமிருந்து, பேட்டரிக்கு இது தேவையில்லை என்றே பதில் வந்தது. அப்போது ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பாக இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் அதே கருத்தைச் சொன்னார். பேட்டரியைச் சேமித்துத் தருவதாகச் சொல்லும் தனிச் செயலிகளையும் நான் நிறுவுவதில்லை. பின்னணியில் ஓட வேண்டிய செயலிகளின் எண்ணிக்கையில் அதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கிறது. புளூடூத்தை அணைப்பது, அதிர்வை நிறுத்துவது போன்றவற்றால் என் குறிப்பேட்டில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எதுவும் இல்லை.

கைபேசியிலேயே இருக்கும் பேட்டரி சேமிப்பு முறை நல்ல கருவி. ஆனால் அதை நாம் பயன்படுத்தும் நேரம் தவறு என்பது என் கருத்து. 20 சதவீதத்துக்கு வந்த பிறகு கைபேசி கேட்கும்போது இயக்கினால், மீதமிருக்கும் அந்தச் சிறு பகுதியில்தான் மிச்சம் பிடிக்க முடியும். இரவு வெகுநேரம் வெளியே இருக்கப் போகிறேன் என்று தெரிந்தால், காலையில் 100 சதவீதத்திலேயே இயக்கிவிடுகிறேன். மின்னஞ்சல் சற்றுத் தாமதமாக வரும். வேறு குறை எனக்குத் தெரியவில்லை.

இத்தனையும் செய்த பிறகும், 14 சதவீதத்தில் கைபேசி ஏன் அணைந்தது என்ற கேள்வி மட்டும் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. 14 என்றால் பூஜ்யமில்லையே. அதற்கான விடை பேட்டரியின் முதுமையில் இருந்தது. சதவீத எண் என்பது உள்ளே போன, வெளியே வந்த மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் வைத்துக் கைபேசி போடும் ஒரு மதிப்பீடு. லித்தியம் அயனி பேட்டரி முதுமை அடையும்போது அதன் கொள்ளளவு குறைவதோடு, மின்னோட்டத்துக்கு அதன் உள்ளேயே எழும் எதிர்ப்பான உள்தடையும் கூடுகிறது. கைபேசி திடீரென அதிக மின்னோட்டம் கேட்டால், அந்தத் தடையால் மின்னழுத்தம் சட்டென்று சரியும். குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே சரிந்துவிட்டால், சார்ஜ் மீதமிருந்தாலும் கைபேசி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். அன்று மாலை என் கைபேசி ஓடும் ரயிலில் கோபுரம் மாறிக்கொண்டிருந்தது, திரை முழு ஒளிர்வில் இருந்தது, அந்த நேரம் பார்த்து அழைப்பும் வந்தது. மூன்றரை ஆண்டு பழைய பேட்டரியால் அந்த இழுவையைத் தாங்க முடியவில்லை. இப்படித் திடீரென அணைவதைத் தடுப்பதற்காகவே பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் குறைக்கிறது என்று ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. பேட்டரியின் உடல்நிலையைப் பயனரே பார்க்கும் பக்கம் அடுத்த ஆண்டு ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 11.3-இல் வந்தது.

பேட்டரியை விரைவில் முதுமையடையச் செய்வதில் முதலிடம் வெப்பத்துக்கு. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் கைபேசியை விட்டுச் செல்வது, சார்ஜ் போட்டபடியே கனமான விளையாட்டு ஆடுவது, தலையணைக்கு அடியில் வைத்து இரவெல்லாம் சார்ஜ் செய்வது ஆகிய மூன்றையும் நான் விட்டுவிட்டேன். வெப்பத்தோடு முழு சார்ஜும் சேர்ந்து நீண்ட நேரம் இருந்தால் பாதிப்பு இன்னும் அதிகம். இதனால்தான் இரவில் 80 சதவீதத்தில் நிறுத்தி, நாம் எழும் நேரத்தை ஒட்டி மீதியை நிரப்பும் வசதியைப் பல கைபேசிகள் தருகின்றன. அது என் கைபேசியில் எப்போதும் இயங்குகிறது. முழுவதும் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்ற பழைய அறிவுரை நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் காலத்தது. லித்தியம் பேட்டரிக்கு அது தீங்கே. இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் போடுவதே அதற்கு நல்லது. கைபேசியின் பின்மூடி சற்றே உப்பித் தெரிந்தாலோ, திரை ஓரத்தில் இடைவெளி விழுந்தாலோ, அதைச் சார்ஜில் போடாமல், அழுத்திப் பார்க்காமல், உடனே பழுதுபார்ப்பவரிடம் எடுத்துச் செல்லுங்கள். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது.

நான் கைபேசியை மாற்றவில்லை. பேட்டரியை மட்டும் மாற்றினேன். மாற்றிய வாரத்தில் ஒருநாள், வேண்டுமென்றே காலையில் சார்ஜ் போடாமல் கிளம்பி, மாலை அதே ரயிலில் ஏறினேன். கைபேசி 14 சதவீதம் காட்டியபோது அக்காவை அழைத்தேன். அப்பா மாலை நடைக்குப் போய்த் திரும்பிய கதையை அவள் சொல்லி முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. பேசி முடித்துத் திரையைப் பார்த்தேன். 9 சதவீதம் இருந்தது. குறிப்பேட்டில் அந்த எண்ணையும், அதற்குக் கீழே அக்காவின் கைபேசி எண்ணையும் எழுதினேன்.